கூட்டுழைப்பின் தலைமகன் துன் வீ.தி. சம்பந்தன்

மலாக்கா நகரிலிருந்து வடமேற்கே கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் அமைந்திருப்பது நம் தஞ்சோங் கிளிங். தஞ்சோங் என்பது மலாய் மொழியில் நிலமுனையைக் குறிக்கும். கிளிங் என்பது கலிங்கம் என்னும் பெயரின் திரிபு என்றும், தென்னாட்டிலிருந்து கலமேறி வந்தோரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கப்பெற்றது என்றும் அறிஞர் கூறுவர். ஊர்ப்பெயரிலேயே நம்மவர் வருகை பதிந்திருப்பது பெருமைக்குரியதே. ஆயினும் இத்திருவிழாவிற்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களில் பெரும்பாலோரின் பாட்டனார் வணிகராக வந்தவர் அல்லர். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், தெபோங் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்தவர்களே அவர்கள்.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் தஞ்சோங் கிளிங், பத்து பெரண்டாம் ஆகிய இடங்களிலுள்ள சுதந்திர வர்த்தக மண்டலத் தொழிற்சாலைகளிலும் நகர அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். அங்கே குழுப்பணி பற்றிய பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஒரு குழுவை எவ்வாறு அமைப்பது, அதனை எவ்வாறு சிறப்புறச் செயற்படச் செய்வது என்று ஜப்பானியர், அமெரிக்கர் அனுபவங்களை எடுத்துக்காட்டி விளக்குகின்றனர். அவை கற்கத்தக்கனவே. எனினும் நம் சமுதாயத்திலேயே, அதுவும் எழுதப் படிக்க வாய்ப்பின்றி வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டே, நாடு முழுவதும் பரந்த ஒரு மாபெரும் குழுவை அமைத்துக் காட்டிய ஒருவர் இருந்தார். அவர்தாம் துன் வீ.தி. சம்பந்தன். அமைச்சராகவும் ம.இ.கா.வின் தலைவராகவும் அவரை அறிந்தோர் பலர். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியெழுப்பிய அவருடைய வாழ்வின் பகுதியை இளையோர் அவ்வளவாக அறிந்திலர். அதனையே இங்குச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

சம்பந்தனாரின் தந்தையார் ம.சு. வீரசாமி 1896ஆம் ஆண்டு மலாயாவிற்கு வந்தவர். தோட்டத் தொழிலாளியாகத் தொடங்கிய அவர், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இரப்பர்த் தோட்ட உடைமையாளராக உயர்ந்தார். தம் கையால் மரம் சீவியவர், பின்னர்ப் பிறரை வைத்து மரம் சீவச் செய்தார். அவ்வில்லத்தில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் திருஞானசம்பந்தன் பிறந்தார். சைவ சமயக் குரவர் நால்வருள் முதல்வரின் பெயரைத் தாங்கிய அப்பிள்ளை, கோலகங்சார் கிளிஃபர்டு பள்ளியில் ஆங்கிலக் கல்வி பெற்றது. பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பயின்றபோது, இந்திய விடுதலை இயக்கம் அவ்விளைஞரின் உள்ளத்தை ஈர்த்தது. காந்தியடிகள்பால் கொண்ட பற்று இறுதிவரை அவரை விட்டகலவில்லை. நாடு திரும்பிய பின், சுங்கை சிப்புட்டில் 1954ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய தமிழ்ப்பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றே பெயர் சூட்டினார்.

தோட்ட முதலாளியின் மகன் ஒருவர் தோட்டத் தொழிலாளரின் நம்பிக்கையைப் பெறுவது எளிதன்று. அதிலும் அவர் பொதுவாழ்வில் இறங்கிய காலம் மிகக் கொடியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்று சம்பந்தனாருக்கு இருபத்தொன்பது வயது நிறைந்தது. அந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பெரிய தொழிற்சங்க இயக்கம் கலைக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே லயத்து மக்கள் கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது. பெயரைப் பதிவு செய்தால் என்ன நேருமோ என்னும் அச்சம் அவர்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. 1954ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான பின்னரே அவ்வச்சம் சிறிது சிறிதாகத் தெளியத் தொடங்கிற்று.

1955ஆம் ஆண்டு ம.இ.கா.வின் தலைமைப் பொறுப்பு சம்பந்தனாரை வந்தடைந்தது. 1946ஆம் ஆண்டு ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்ற அக்கட்சி, அதுவரை பெரும்பாலும் நகர்ப்புறத்துக் கற்றோரின் அமைப்பாகவே இருந்தது. சம்பந்தனார் அதனைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றார். மேடைகளில் தமிழிலேயே பேசினார். கிளைகள் தோட்டந்தோறும் முளைத்தன. அதே ஆண்டு நடைபெற்ற பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. ம.இ.கா.விற்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. வாக்குரிமை பெற்றிருந்த இந்தியர் அன்று மிகச் சிலரே ஆதலின், பிற இனத்தாரின் வாக்குகளைப் பெற்றே சம்பந்தனார் வெற்றி பெற்றார். துங்கு அப்துல் ரகுமான் அமைத்த அமைச்சரவையில் தொழிலமைச்சரானார். மறு ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் நம் மலாக்கா பண்டார் ஹிலிர்த் திடலில் துங்கு அவர்கள் விடுதலை நாளை அறிவித்தார். அத்திடலுக்குச் சென்றிருந்த முதியோரை நம் வட்டாரத்துப் பெரியவர்கள் கண்டிருக்கக்கூடும். 1957ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது துங்கு, நம் மலாக்காவைச் சேர்ந்த துன் டான் செங் லோக் ஆகியோருடன் வைத்து எண்ணப்படும் பெருமை சம்பந்தனாருக்கு உண்டாயிற்று. தொழில், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை என்று பல துறைகளில் 1974ஆம் ஆண்டுவரை அமைச்சராக விளங்கினார். இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை. ஆதலின் இவ்வளவில் நிறுத்திக்கொள்வோம்.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

விடுதலை நெருங்கிய காலத்தில் வெள்ளையர் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப முற்பட்டனர். வாங்கியோர் பலர் தோட்டம் நடத்தும் எண்ணம் உடையவர் அல்லர். பெருந்தோட்டத்தை மொத்தமாக வாங்கிச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துப் பலருக்கு விற்று இலாபம் காண்பதே அவர்களின் நோக்கம். இதனையே நம்மவர் தோட்டத் துண்டாடல் என்றனர். அச்சொல்லின் கொடுமை அதனை அனுபவித்த குடும்பங்களுக்கே தெரியும். பேராசிரியர் உங்கு அசிஸ் அவர்கள் இதுபற்றித் தனியே ஆராய்ந்து அறிக்கை வெளியிடும் அளவிற்கு அஃது ஒரு தேசியப் பிரச்சினையாக வளர்ந்தது.

துண்டாடலால் விளைந்த கேட்டினை இளையோர் உணரவேண்டுமாயின், பழைய தோட்டத்தின் வேலைமுறையை முதலில் அறிதல் வேண்டும். பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் மணியடிக்கும். கிராணியார் பெயர் கூப்பிடுவார். எவர் வரவில்லையோ அவருடைய தீம்பாரை வேறொருவருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நானூறு, ஐந்நூறு மரங்கள். வெயில் ஏறுமுன் மரம் சீவி முடித்தால்தான் பால் நன்கு வடியும். மங்குகளில் வடிந்த பாலை எடுத்து வாளிகளில் சேர்த்துத் தோளில் காண்டாவில் சுமந்து வந்து நிறுவைக் கொட்டகையில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து வண்டியில் ஆலைக்குச் செல்லும் பால், சில மணி நேரத்திற்குள் போய்ச் சேராவிடில் வழியிலேயே உறைந்துவிடும். சீவுவோர், பால் எடுப்போர், நிறுப்போர், வண்டியோட்டி, ஆலைத் தொழிலாளர், புல்வெட்டுவோர், மருந்தடிப்போர் ஆகிய இத்தனை பேரும் ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்த்து நின்ற அமைப்பு அது. இவர்களோடு ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மூதாட்டியையும் சேர்த்தே எண்ணவேண்டும். அம்மூதாட்டி இல்லையேல் தாய்மார் வெளிக்காட்டுக்குச் செல்ல இயலாது.

அத்தகைய வேலைக்கூட்டம் ஒரு நாளில் உருவானதன்று. கங்காணிமார் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள்கட்டிக் கொண்டுவந்த காலத்திலிருந்து, இரண்டு மூன்று தலைமுறைகளாக ஒன்றாகவே உழைத்துப் பழகியவர்கள் அவர்கள். அம்முறையில் கொடுமைகள் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. கடனாலும் அச்சத்தாலும் மக்கள் பிணிக்கப்பட்டிருந்தனர். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபின் அம்முறை மறைந்தது. ஆனால் ஒருங்கிணைந்து உழைக்கும் பழக்கம் மட்டும் அம்மக்களிடம் நிலைத்துவிட்டது. யார் எவ்வளவு வேகமாகச் சீவுவார், யாருடைய உளி மரத்தைக் காயப்படுத்தாது, எந்த நிரையில் மழைக்காலத்தில் நீர் தேங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

ஓராயிரம் ஏக்கர்த் தோட்டம் பத்துப் பத்து ஏக்கராகப் பிரிந்தபோது, இவ்வமைப்பு முழுவதும் அறுந்துபோயிற்று. பத்து ஏக்கர் உடையவர் தம் குடும்பத்தாரைக் கொண்டே மரம் சீவிக்கொள்வார். இல்லையேல் குத்தகைக்காரரிடம் விட்டுவிடுவார். அவருக்குக் கிராணியும் வேண்டாம், ஆயாவும் வேண்டாம். மருந்தகம் மூடப்பட்டது. லயங்களுக்கு நீர் வழங்குவது எவர் பொறுப்பு என்பது தெரியவில்லை. பள்ளிக்கூடம் எந்தத் துண்டில் இருக்கிறது, ஆலயம் எந்தத் துண்டில் இருக்கிறது, அந்தத் துண்டை வாங்கியவர் அதனை விட்டுவைப்பாரா என்னும் கவலைகள் எழுந்தன. ஆண்டுதோறும் தீமிதியும் திருவிழாவும் கண்ட தோட்டத்து அம்மன் ஆலயங்கள் பல, பூசையின்றிப் புதர் மண்டிப்போனது இவ்வாறுதான்.

பத்து வெள்ளியும் ஒரு வாக்கும்

இந்நிலையில் சம்பந்தனாருக்கு முன் பல வழிகள் இருந்தன. அமைச்சர் என்னும் முறையில் அரசாங்கத்திடம் முறையிடலாம், முறையிடவும் செய்தார். நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத் தரக் கோரலாம். ஆனால் விற்பவர் விற்கத் துணிந்து, வாங்குபவர் கையில் பணத்தோடு நிற்கும்போது, விற்பனையைத் தடுத்து நிறுத்தும் வழி தொழிலாளியிடம் இல்லை. அவனே வாங்குபவனாக மாறினாலன்றி வேறு வழியில்லை என்னும் முடிவிற்கு அவர் வந்தார். நாளொன்றுக்குச் சில வெள்ளியே சம்பளம் பெறும் ஒருவன் தோட்டம் வாங்குவது எங்ஙனம்? தனி ஒருவனால் இயலாதது பல்லாயிரவர் சேர்ந்தால் இயலும் அன்றோ! 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொடக்கம் முதலே இம்முயற்சியில் அவருக்கு வலக்கையாக நின்றவர் கே.ஆர். சோமசுந்தரம்.

தொழிலாளி ஒருவர் பத்து வெள்ளி செலுத்தி உறுப்பினராகலாம். பங்குத் தொகையைச் சிறுகச் சிறுகக் கட்டித் தீர்க்கலாம். கூட்டுறவு நெறிப்படி, ஒரு பங்கு உடையவருக்கும் பல பங்குகள் உடையவருக்கும் வாக்கு ஒன்றே. இதனை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. பிறந்தது முதல் பெரட்டுக் களத்தில் தம் பெயர் கூப்பிடக் கேட்டுக் கைகட்டி நின்ற ஒருவருக்கு, ஓர் அமைப்பின் கணக்கு வழக்கைக் கேட்கும் உரிமை முதன்முதலாகக் கிடைத்தது. துரைமார் எவ்வாறு இலாபம் காண்கின்றனர் என்பதை அறியாத மக்கள், இரப்பர் விலை ஏறுவதும் இறங்குவதும் தங்கள் வீட்டுச் செய்தி என்று கருதத் தொடங்கினர்.

ஆயினும் அப்பத்து வெள்ளியைப் பெறுவதற்குள் பட்ட பாடு சிறிதன்று. சீட்டுக் கட்டி ஏமாந்தவர் எல்லாத் தோட்டத்திலும் இருந்தனர். பணம் வசூலிக்க வந்தோர் பலர் திரும்பி வராத கதைகளும் உண்டு. சங்கம் என்றால் அஞ்சும் பழக்கமும் முற்றிலும் நீங்கவில்லை. சங்கம் தொடங்கிய ஆண்டின் ஜூலை இறுதியில்தான் அவசரகாலமே முடிவிற்கு வந்தது. சம்பந்தனார் தோட்டந்தோறும் சென்றார். மக்களோடு தங்கி, அவர்களுக்கு விளங்கும் மொழியில், விளங்கும் கணக்கில் எடுத்துரைத்தார். அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து பேசுவதை அம்மக்கள் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனால் ஒரு தலைவர் எத்தனை தோட்டங்களுக்குத்தான் செல்ல இயலும்? அவர் சென்ற பின்னும் மாதந்தோறும் பணம் வந்துகொண்டிருக்க வேண்டுமே. அங்கேதான் உள்ளூர் மனிதர்களின் பணி தொடங்குகின்றது. மக்கள் நம்பிய தண்டலோ, கிராணியோ, பள்ளி ஆசிரியரோ, ஆலயப் பொறுப்பாளரோ முன்வந்து, பற்றுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்துப் பணத்தை ஒப்படைத்த தோட்டங்களில்தான் இத்தகைய முயற்சிகள் வேரூன்றின. ஆலய நிர்வாகத்தில் ஈடுபட்டோர் இதனை நன்கு உணர்வர். திருவிழாச் செலவிற்கு நன்கொடை திரட்டும்போது, தொகையைவிடத் திரட்டுபவர் யார் என்பதைத்தான் மக்கள் முதலில் பார்க்கின்றனர். அத்தகைய உள்ளூர்த் தொண்டர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

முதன்முதலாகச் சங்கம் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். அதன் பரப்பு ஏறத்தாழ 3,000 ஏக்கர். வெள்ளைத் துரைமாரும் பெருஞ்செல்வர்களும் மட்டுமே கைம்மாற்றிக்கொண்டிருந்த தோட்ட நிலம், மரம் சீவுவோரின் பத்து வெள்ளிகளால் வாங்கப்பெற்றது.

வாங்கியபின் செய்தது என்ன என்பதிலேதான் சம்பந்தனாரின் நுண்ணறிவு விளங்குகின்றது. தோட்டத்தை உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று பகிர்ந்தளிக்கலாம் என்னும் எண்ணம் எவருக்கும் தோன்றக்கூடியதே. சொந்த நிலம் என்னும் ஆசை இயல்பானது. அவ்வாறு செய்திருந்தால், பிறர் செய்த துண்டாடலைத் தாமே செய்ததாக முடிந்திருக்கும். சங்கம் தோட்டத்தைப் பிரிக்காமல் ஒரே அமைப்பாகவே நடத்திற்று. நிர்வாகம் அறிந்தோர் நிர்வாகத்தைப் பார்த்தனர்; மரம் சீவுவோர் மரம் சீவினர். வேலைக்கூட்டம் கலையவில்லை. பெரட்டுக் களத்தில் அதே மணிதான் அடித்தது. அது யாருடைய தோட்டம் என்னும் வினாவிற்குரிய விடை மட்டும் மாறிப்போயிருந்தது.

இதில் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. உடைமையாளரும் தொழிலாளியும் ஒருவரே என்றாகும்போது, கண்டிப்புச் செய்யவேண்டிய கிராணியார் தர்மசங்கடத்திற்கு உள்ளாவார். தாமும் பங்குதாரர் என்னும் நினைவில் ஒருவர் தாமதமாக வந்தால் அவரை என்ன செய்வது? மேலும், உறுப்பினர் எல்லாரும் சங்கத் தோட்டங்களிலேயே வேலை செய்யவில்லை. வெவ்வேறு மாநிலங்களில், வேறு முதலாளிகளின் தோட்டங்களில் உழைத்தவாறே பங்குத் தொகை கட்டியோர் மிகப் பலர். தம் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லையே என்னும் ஏக்கம் அவர்களுக்கு இருந்திருக்கும். ஒருவருக்குச் சம்பளம் உயரவேண்டும். மற்றவருக்கு இலாப ஈவு உயரவேண்டும். இரண்டும் ஒரே பாலிலிருந்துதான் வரவேண்டும். அதற்கிடையே அறுபதுகளில் இரப்பர் விலை சரிந்துகொண்டே வந்தது. முதிர்ந்த மரங்களை அழித்து மறுநடவு செய்தால், ஆறேழு ஆண்டுகள் கழித்தே உளி வைக்க இயலும். அதுவரை வருவாய் இல்லாத நிலத்தைப் பேணவேண்டும். செம்பனைக்கு மாறினால் காத்திருப்புக் குறையும். ஆனால் புதிய தொழிலைக் கற்கவேண்டும். இவற்றையெல்லாம் ஏழை உறுப்பினர்களுக்கு விளக்கி, பொறுமையாக இருக்கச் செய்வது எத்துணைக் கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! சங்கம் அக்கடினத்தைத் தாண்டி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டங்கள் சேர்ந்தன.

நாட்டில் துண்டாடப்பட்ட தோட்டங்களோடு ஒப்பிட்டால் சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதியே. 1969ஆம் ஆண்டிற்குப்பின் குடியுரிமை இல்லாத தொழிலாளர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரவர் இந்நாட்டை விட்டே கப்பலேறினர். அவர்களுள் நம் மலாக்காத் தோட்டத்தாரும் உண்டு. சம்பந்தனார் அமைச்சரவையில் இருந்த காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். அவரை வாழ்த்துவோர் இதனை மறைத்துவிடுகின்றனர்; தூற்றுவோர் இதனை மட்டுமே கூறுகின்றனர்.

இரண்டு அமைப்புகள், ஒரே தலைவர்

சம்பந்தனாரின் வாழ்வில் நாம் கருதிப் பார்க்கவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. ஒரே காலத்தில் அவர் இரண்டு பெரிய அமைப்புகளுக்குத் தலைமை தாங்கினார். இரண்டிலும் உறுப்பினர் பெரும்பாலும் அதே தோட்ட மக்கள். கூட்டுறவுச் சங்கம் ஒற்றுமையோடு வளர்ந்தது. கட்சியிலோ பூசல் ஓயவில்லை.

கட்சியில் கிளைகள் பெருகப் பெருக, கிளைத் தலைவர்களின் கைகளில் வாக்குகள் குவிந்தன. எந்தக் கிளை எந்தப் பக்கம் என்பதே பெருங்கேள்வியாயிற்று. பதவி கிடைத்தோர் மகிழ்ந்தனர். கிடைக்காதோர் வேறொருவரைச் சூழ்ந்தனர். எழுபதுகளின் தொடக்கத்தில் தலைவருக்கும் துணைத்தலைவர் வெ. மாணிக்கவாசகத்திற்கும் இடையே எழுந்த பிணக்கு முற்றி, பிரதமர் துன் அப்துல் ரசாக் தலையிடும் நிலைக்குச் சென்றது. 1973ஆம் ஆண்டு சம்பந்தனார் தலைமைப் பதவியைத் துறந்தார். பதினெட்டு ஆண்டுகள் தலைமை வகித்தவர் அவர். நெடுங்காலம் ஒருவரே தலைமை வகிக்கும்போது, அடுத்து நிற்போர் பொறுமையிழப்பது உலக இயல்பு. தமக்குப்பின் யார், எப்போது என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தால் அந்தக் கசப்பு நேர்ந்திராது என்பது எம் கருத்து. மாறுபடுவோரும் இருக்கலாம்.

கூட்டுறவுச் சங்கத்தில் அந்நிலை நேராமைக்குக் காரணம் அதன் அமைப்பே எனலாம். அங்கே பெறுவதற்குரிய பெரும்பதவிகள் இல்லை. ஒவ்வொருவரும் தம் உழைப்பின் ஒரு பகுதியை அதில் இட்டிருந்தனர். ஆண்டுக் கணக்கு அச்சிட்டு வைக்கப்பட்டது. சட்டப்படி தணிக்கை நடந்தது. தலைவர்பால் அன்பு இருந்ததேனும், அமைப்பு அந்த அன்பை மட்டுமே நம்பி நிற்கவில்லை. பணியை அறிந்த செயலாளரும் அலுவலரும் நாள்தோறும் அதனை நடத்தி வந்தனர். தலைவர் அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்த நாள்களிலும் தோட்டங்களில் பால் நிறுக்கப்பட்டது.

கட்சித் தலைமையை இழந்தபின் பலர் பொதுவாழ்வை விட்டே ஒதுங்கிவிடுவர். சம்பந்தனார் கூட்டுறவுச் சங்கப் பணியை விடவில்லை. தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவராகவும் சில ஆண்டுகள் தொண்டாற்றினார். தந்தையார் தேடி வைத்த செல்வத்தில் பெரும்பகுதி பொதுப்பணியிலேயே கரைந்துபோயிருந்தது. அமைச்சராக இருந்து பொருள் சேர்த்தார் என்று அவருடைய எதிரிகளும் கூறியதில்லை. 1967ஆம் ஆண்டே துன் என்னும் உயரிய விருதைப் பெற்றிருந்த அவர், இறுதி ஆண்டுகளில் எளிமையாகவே வாழ்ந்தார்.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் துன் சம்பந்தன் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அறுபது வயது நிறைய ஒரு மாதமே எஞ்சியிருந்தது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்நாளில் 85,000க்கும் மேற்பட்ட உறுப்பினர் இருந்தனர். 19 தோட்டங்கள் அதன் உடைமையாக இருந்தன. தலைவர் மறைந்தால் அமைப்பும் குலையும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 1980ஆம் ஆண்டு அவருடைய துணைவியார் தோ புவான் உமா சம்பந்தன் பொறுப்பேற்று, 1995ஆம் ஆண்டுவரை சங்கத்தை வழிநடத்தினார். கணவரோடு தோட்டந்தோறும் சென்று, அங்குள்ள பெண்மக்களின் இன்ப துன்பங்களை அறிந்தவர் அவர். அவருக்குப்பின், தொடக்க நாள் முதல் உடனிருந்த சோமசுந்தரம் தலைமை ஏற்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பணியின் அடி நுனி அறிந்தவர் அதன் தலைமைக்கு வந்த நிகழ்ச்சி அது.

கோலாலம்பூரில் முன்பு பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை என்று வழங்கிய நெடுஞ்சாலை இன்று துன் சம்பந்தன் சாலை. ஓரிருப்புப் பாதை இரயில் நிலையம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சுல்தான் சுலைமான் சாலையில் சங்கத்தின் தலைமையகமாக உயர்ந்து நிற்கும் கட்டடத்திற்கு விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர்.

நம் வட்டாரத்து முதியோர் சிலரிடம் பழைய தகரப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. பிறப்புப் பத்திரம், நீல அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவற்றோடு, மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட பற்றுச்சீட்டுகளும் அவற்றில் இருக்கக்கூடும். பத்து வெள்ளி என்று எழுதிய அச்சீட்டுகளைக் குப்பை என்று எண்ணி எறிந்துவிடாமல், பங்குரிமை யார் பெயரில் உள்ளது, வாரிசு பதியப்பட்டுள்ளதா என்பதைக் குடும்பத்து இளையோர் விசாரித்து அறிதல் வேண்டும். பெரியவர்கள் காலமானபின் உரிமை கோரப்படாமல் போகும் பங்குகள் எந்தக் கூட்டுறவுச் சங்கத்திலும் உண்டு. பாட்டனாரோ பாட்டியாரோ மழையில் நனைந்து பால் சுமந்து ஈட்டிய காசு அது.